பாச்சை உருண்டையும் சீனத்துப் புட்டியும்

"வீட்ல பாச்சை உருண்டை போட்ட துணி எதுலயாவது பிள்ளையைச் சுத்துனீங்களாய்யா?"

டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வியே இதுதான். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பிள்ளைக்கு மஞ்சள் கண்டிருக்கிறது என்று தூக்கிக்கொண்டு ஓடிவந்தால், இவர் பெட்டகத்துத் துணியைப் பற்றிக் கேட்கிறாரே என்று இருந்தது.

நடந்தது இதுதான். என் மகளுக்குக் காரைக்குடியில் ஆண் குழந்தை பிறந்தது. மூன்றாம் நாள் கோவிலூர் வீட்டுக்குக் கூட்டிவந்தோம். பிறந்த பிள்ளையைப் புதுத்துணியில் கிடத்தக் கூடாது, வீட்டுப் பெரியவர்கள் கட்டிப் பழகிய சேலையில்தான் சுற்ற வேண்டும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். எங்க ஆத்தா பெட்டகத்தைத் திறந்து, தன்னுடைய பழைய நூல் சேலை ஒன்றை எடுத்துக் கிழித்துக் கொடுத்தார்கள். பாச்சை உருண்டை வாசம் கூடம் வரைக்கும் அடித்தது. சில ஊர்களில் இதை அந்துருண்டை என்பார்கள். ஐந்தாம் நாள் காலையில் பிள்ளையின் கண் வெள்ளை மஞ்சளாகிவிட்டது.

"பச்சைப் பிள்ளைக்கு மஞ்சக் கண்டா இளவெயில்ல காட்டுனாப் போதும்ப்பா, எதுக்கு இப்படிப் பதறுறீக?" என்றார்கள் ஆத்தா. மகள் கேட்கவில்லை. நல்லவேளை கேட்கவில்லை. அன்றைக்கே ஆஸ்பத்திரியில் சேர்த்து நீல விளக்குக்கு அடியில் போட்டார்கள். இரத்தம் எடுத்துச் சோதித்தார்கள். ஜி6பிடி என்று ஒரு நொதி. அது பிள்ளைக்குக் குறைவாக இருந்தது.

அந்தக் கேள்வி ஏன் முதல் கேள்வியானது என்று தேடப்போய்த்தான் சிங்கப்பூருக்கும், அங்கிருந்து சீனத்துக்கும் போய்ச்சேர்ந்தேன். சுற்றிவந்து நின்ற இடம் எங்கள் வீட்டுப் பெட்டகம்.

சீனத்துப் புட்டி

ஆத்தாவின் அப்பச்சி, எங்க ஐயா, சிங்கப்பூர் மார்க்கெட் ஸ்ட்ரீட்டில் ஒரு கிட்டங்கியில் அடுத்தாளாக இருந்தவர். கொண்டுவிக்கப் போன எல்லோரையும் போல மூன்று வருஷக் கணக்கு முடிந்தால் ஊருக்கு வருவார். வரும்போது கொண்டுவந்தவை இன்னும் வீட்டில் கிடக்கின்றன. எனாமல் தூக்கு, பீங்கான் பரணி, எண்கோணத்தில் ஒரு புலித் தைல டப்பா, அப்புறம் சுண்டுவிரல் உயரத்தில் ஒரு வெறும் கண்ணாடிப் புட்டி. புட்டியின் மேல் சிவப்புத் தாள், அதில் சீன எழுத்து, ஒரு குழந்தைப் படம். எழுத்தைப் படமெடுத்துப் பினாங்கில் இருக்கும் நண்பர் ஒருவருக்கு அனுப்பினேன். "பாவ் யிங், குழந்தையைக் காப்பது என்று பொருள். பிள்ளைகளுக்குக் கொடுக்கிற பொடி மருந்து. அந்தப் பேரில் பல கடைக்காரர்கள் செய்வார்கள்" என்று பதில் வந்தது.

செட்டிநாட்டு வீட்டில் சீன மருந்து இருந்ததில் வியக்க ஒன்றுமில்லை. புலித் தைலம் பிறந்தது ரங்கூனில். ஆவ் சூ கின் என்ற சீன வைத்தியர் 1870களில் அங்கே இங் ஆன் தோங் என்ற மருந்துக்கடையை வைத்தார். அவருடைய பிள்ளைகள் பூன் ஹாவும் பூன் பாரும் அதைப் பெரிய வியாபாரமாக்கி, 1926ல் சிங்கப்பூருக்குக் கொண்டுபோனார்கள். ரங்கூன் மொகல் தெருவில் வட்டிக்கடை வைத்திருந்த நம்மவர்களும் அந்த மருந்துக்கடைக்காரரும் ஒரே ஊர்க்காரர்கள். கோடாரித் தைலம் 1928ல் சிங்கப்பூரில் ஆரம்பித்த கம்பெனியுடையது. அதன் செய்முறை ஒரு ஜெர்மன் டாக்டரிடமிருந்து வந்தது என்று அந்தக் கம்பெனியே சொல்கிறது. நாம் அதையும் 'சீனாக்காரன் தைலம்' என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தோம்.

சரக்குகளின் போக்குவரத்து இதற்கெல்லாம் முந்தியது. சித்த வைத்தியத்தில் பேர்போன பரங்கிப்பட்டை சீனத்திலிருந்து வந்த கிழங்கு. பதினாறாம் நூற்றாண்டில் பறங்கிக்காரர்களின் கப்பலில் பரவியதால் அந்தப் பெயர். நம் கடுக்காய் அந்தப் பக்கம் போயிருக்கிறது. ஹரீதகி என்ற வடமொழிப் பெயர்தான் கொஞ்சம் திரிந்து அதற்குப் பழைய சீனப் பெயராக வழங்குகிறது.

வாய் பேசாத நோயாளி

சீனத்தில் குழந்தை வைத்தியத்துக்கு 'ஊமை வைத்தியம்' என்று ஒரு பெயர் உண்டு. நோயாளிக்கு எங்கே வலிக்கிறது என்று சொல்லத் தெரியாது. நம் சித்த வைத்தியத்தின் எண்வகைத் தேர்வில் மொழியும் ஒன்று. பச்சைப் பிள்ளையிடம் அதற்கு அழுகையைத் தவிர வேறு என்ன இருக்கிறது? நாடி பார்க்கலாம் என்றால் மணிக்கட்டில் மூன்று விரல் வைக்க இடம் இல்லை.

சீன வைத்தியர்கள் இதற்கு ஒரு வழி கண்டார்கள். மூன்று வயதுக்குக் கீழே உள்ள பிள்ளையின் ஆள்காட்டி விரலை மெல்லத் தேய்த்து, அதன் ஓரத்தில் தெரியும் நரம்புக் கோட்டைப் பார்ப்பது. விரலின் மூன்று கணுக்களுக்கும் மூன்று வாசல்கள் என்று பெயர். அடிக்கணு காற்று வாசல், நடுக்கணு பிராண வாசல், நுனிக்கணு உயிர் வாசல். கோடு அடிக்கணுவோடு நின்றால் நோய் லேசு. நுனிவரை ஏறிவிட்டால் ஆபத்து. கோட்டின் நிறத்துக்கும் தனித்தனிப் பொருள். இன்றைய மருத்துவம் இந்தக் கணக்கை ஏற்பதில்லை. ஆனால் பெரியவர்களுக்கு வைத்திருந்த சோதனை பிள்ளைக்கு ஒத்துவராது, வேறு வேண்டும் என்று யோசித்தார்களே, அது எனக்குப் பெரிய விஷயமாகப் பட்டது.

இந்த யோசனையை முழு வைத்தியமாக வளர்த்தவர் சியன் யீ. வடக்குச் சுங் அரச காலத்தவர், ஏறக்குறைய 1032ல் பிறந்து 1113ல் இறந்தவர். அவர் கதை செட்டிநாட்டுக்காரனுக்குக் கொஞ்சம் நெருக்கமான கதை. தாய் சின்ன வயதிலேயே போய்ச்சேர்ந்தார். ஊசி வைத்தியரான தகப்பனார் கீழைக்கடல் பக்கம் போனவர் திரும்பவே இல்லை. அத்தைதான் வளர்த்தார். அத்தை வீட்டுக்காரர் வைத்தியர், அவரிடம்தான் தொழில் படித்தது. பெரியவனானதும் தகப்பனாரைத் தேடிப் பலமுறை அலைந்து, கடைசியில் கண்டுபிடித்து வீட்டுக்குக் கூட்டிவந்தார் சியன் யீ. அரச குடும்பத்துப் பிள்ளைகளுக்கு வைத்தியம் பார்த்து அரண்மனைப் பதவியும் பெற்றார். அவர் மறைந்த பிறகு, 1119ல், யென் சியாவ்சோங் என்பவர் அவருடைய குறிப்புகளைத் தொகுத்து நூலாக்கினார். குழந்தை வைத்தியத்துக்கென்றே எழுந்து இன்றுவரை நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய நூல்களில் அது ஒன்று. மூன்று பாகம். முதலில் நோய்க்குறிகள், கடைசியில் மருந்துகள். நடுவில் அவர் பார்த்த 23 பிள்ளைகளின் விவரம், இன்ன வீட்டுப் பிள்ளை, இன்ன வயது, என்ன வந்தது, என்ன கொடுத்தேன் என்று. இந்த நடுப்பாகத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறேன்.

அவருடைய பேர்போன மருந்து ஒன்றின் கதை சுவையானது. அவருக்கு முன்பே எட்டுச் சரக்கு சேர்ந்த ஒரு பழைய மாத்திரை இருந்தது. பெரியவர்களின் உடல் தளர்ச்சிக்குக் கொடுப்பது. உச்சிக்குழி மூடாமல், வளர்ச்சி குன்றிய பிள்ளைகளுக்கு அதைக் கொடுக்க நினைத்தார் சியன் யீ. ஆனால் அதில் பட்டையும், நாபி வகையைச் சேர்ந்த ஒரு கிழங்கும் இருந்தன. இரண்டும் கடுஞ்சூடு. பிள்ளை உடம்பு ஏற்கெனவே சூடு, அதற்கு மேலும் நெருப்பு வைக்கலாமா என்று இரண்டையும் எடுத்துவிட்டார். மிச்சம் ஆறு சரக்கு. அந்த ஆறு சரக்கு மாத்திரை இன்றைக்கும் சீன மருந்துக்கடைகளில் விற்கிறது. இப்போது வாங்கிச் சாப்பிடுகிறவர்கள் பெரும்பாலும் பெரியவர்கள்!

நம் பக்கத்தைப் பாருங்கள். சித்த மரபில் குழந்தை வைத்தியத்துக்குப் பாலவாகடம் என்றே தனி நூல்வகை இருக்கிறது. மாந்தம், கணை, கரப்பான், அக்கரம், தோஷம் என்று பிள்ளை நோய்களுக்கு மட்டும் ஒரு பட்டியல். சீனத்தில் பழைய வைத்தியர்கள் நான்கு பெரிய நோய்களைச் சொல்வார்கள்: மணல்வாரி, அம்மை, இசிவு, சவலை. சவலைக்கு அவர்கள் சொல்லும் குறி வயிறு ஊதி, கைகால் சூம்பி, முடி காய்ந்து, மண் தின்பது. நம்ம கிழவிகள் சொல்வதும் அதேதான். பிள்ளை திடீரென்று தூக்கத்தில் அலறினால் 'பயந்துபோச்சு' என்று நாம் வேப்பிலை அடிக்கிறோம், அவர்கள் 'அதிர்ச்சிக் காற்று' என்று மருந்து கொடுக்கிறார்கள். நாம் பிள்ளை கையில் வசம்பைக் கோத்துக் கட்டி, அதற்குப் 'பேர் சொல்லாதது' என்று பேர் வைக்கிறோம். அவர்கள் ஐந்தாம் மாதம் ஐந்தாம் நாள் அதே வசம்பு இனத்துச் செடியின் தழையை வாசலில் தொங்கவிடுகிறார்கள். தீயது அண்டாதாம்.

பிறந்தவுடன் வாயில் வைப்பதும் இரண்டு பக்கமும் உண்டு. நாம் சேனை வைக்கிறோம், சர்க்கரைத் தண்ணியோ கழுதைப்பாலோ. அவர்களுக்கு, வயிற்றில் இருக்கும்போதே பிள்ளைக்குள் ஏறிய 'கருநஞ்சு' வெளியேற வேண்டும். அதற்காக ஹுவாங் லியன் என்ற கசப்பு வேரைக் கொதிக்கவைத்து ஒரு சொட்டு. சீனத்தில் ஒரு பழமொழி உண்டு: ஊமை ஹுவாங் லியன் தின்ற மாதிரி. கசக்கிறது, ஆனால் யாரிடம் சொல்வது?

சிங்கப்பூரில் எண்ணினார்கள்

இங்கேதான் டாக்டரம்மாவின் கேள்விக்கு விடை கிடைத்தது.

1950களிலும் அறுபதுகளின் தொடக்கத்திலும் சிங்கப்பூரில் பிறந்த சில நாட்களுக்குள் கடும் மஞ்சளோடு பிள்ளைகள் ஆஸ்பத்திரிக்கு வந்தபடி இருந்தார்கள். இரத்தத்தில் பிலிருபின் என்ற மஞ்சள் பொருள் எல்லை மீறினால் மூளைக்குள் ஏறிவிடும். இதற்குக் கெர்னிக்டிரஸ் என்று பெயர். பிள்ளை போய்விடும், அல்லது காது கேளாமல், கைகால் முறுக்கிக்கொண்டு பிழைக்கும். சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகக் குழந்தை மருத்துவப் பேராசிரியர் வோங் ஹோக் பூன் இதை விடாமல் துரத்தினார். வந்த பிள்ளைகளின் இரத்தத்தைச் சோதித்தார், வீட்டில் என்ன கொடுத்தார்கள், என்ன துணியில் சுற்றினார்கள் என்று விசாரித்தார். பல பிள்ளைகளிடம் ஜி6பிடி குறைவாக இருந்தது.

இந்த நொதி சிவப்பணுவுக்குக் காவல்காரன் மாதிரி. அது குறைவாக இருப்பவருக்குச் சாதாரண நாளில் ஒன்றும் தெரியாது. சில பொருள்கள் உள்ளே போனால் சிவப்பணுக்கள் கூட்டமாக உடையும். பிரைமாகுயின் என்ற மலேரியா மாத்திரை சிலருக்கு ஏன் இரத்தச்சோகை தருகிறது என்று தேடியபோதுதான், 1956ல் அமெரிக்காவில் இந்தக் குறையைக் கண்டுபிடித்தார்கள். உலகத்தில் ஏறக்குறைய 40 கோடிப் பேருக்கு இது இருக்கிறது என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. மலேரியா இருந்த நாடுகளில் அதிகம். சிவப்பணுவை உடைக்கும் பொருள்களில் ஒன்று நாப்தலீன், அதாவது நம் பாச்சை உருண்டை. அது போட்டு வைத்த துணியைச் சுற்றினாலே போதும், பிள்ளை அந்த ஆவியை மூச்சில் இழுத்துக்கொள்ளும். சீன வீடுகளில் கொடுத்த மூலிகைகள் மீதும், முக்கியமாக ஹுவாங் லியன் மீதும், சந்தேகம் விழுந்தது.

1965 முதல் சிங்கப்பூரில் பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் தொப்புள்கொடி இரத்தத்தில் இந்த நொதியைச் சோதிக்க ஆரம்பித்தார்கள். குறை உள்ள பிள்ளையை உடனே வீட்டுக்கு அனுப்பாமல் ஆஸ்பத்திரியிலேயே வைத்துப் பார்த்தார்கள். கெர்னிக்டிரஸ் ஏறக்குறைய இல்லாமலே போனது. ஹுவாங் லியனின் மஞ்சள் நிறத்துக்குக் காரணமான பெர்பெரினை 1978ல் அரசு தடை செய்தது. பிற்பாடு எலிகளில் நடந்த ஆய்வில், இரத்தத்தில் பிலிருபினைப் பிடித்து வைத்திருக்கும் புரதத்திலிருந்து பெர்பெரின் அதைக் கழற்றிவிடுகிறது என்று தெரிந்தது. அப்படியானால் நொதி சரியாக உள்ள பிள்ளைக்கும் மஞ்சள் கண்ட நேரத்தில் அது ஆகாது. சோதனையும் கண்காணிப்பும் நிலைபெற்ற பிறகு, 2013 தொடங்கி அந்தத் தடையைப் படிப்படியாக விலக்கிக்கொண்டார்கள். பெரியவர்களின் வயிற்றுக்கு அது இன்றும் மருந்துதான். நம் நாட்டு மருந்துக்கடையில் கிடைக்கும் மரமஞ்சளிலும் இருப்பது இதே பெர்பெரின். 'எல்லாம் மூலிகைதானே' என்று சொல்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

ஆத்தா சொன்ன இளவெயிலையும் விட்டுவிடக் கூடாது. 1956ல் இங்கிலாந்தில் ராச்ஃபோர்டு ஆஸ்பத்திரியில் வார்டு என்ற தலைமைச் செவிலியர், குறைமாதப் பிள்ளைகளைத் தோட்டத்து வெயிலுக்குத் தூக்கிக்கொண்டு போவார். ஒரு பிள்ளையின் உடம்பில் வெயில் பட்ட இடத்தில் மஞ்சள் வெளுத்திருப்பதையும் துணி மூடிய இடத்தில் அப்படியே இருப்பதையும் டாக்டர்களுக்குக் காட்டினார். 1958ல் கிரீமரும் கூட இருந்தவர்களும் விளக்கு வைத்து, எவ்வளவு ஒளிக்கு எவ்வளவு மஞ்சள் இறங்குகிறது என்று அளந்து வெளியிட்டார்கள். என் பேரனைக் கிடத்திய நீல விளக்கு அந்த வழியில் வந்தது. ஆத்தா சொன்னதில் உண்மை இருந்தது. ஆனால் எவ்வளவு வெயில், எந்த அளவு மஞ்சளுக்கு, எப்போது வெயில் போதாது என்பதற்கு ஆத்தாவிடம் கணக்கு கிடையாது.

ஐந்தொகை

கணக்கு என்றதும் எனக்கு ஐயாவின் ஞாபகம் வந்தது. ஐந்தொகையில் ஒரு காசு உதைத்தால் ராத்திரி முழுக்க உட்கார்ந்து தேடுவாராம். வரவு ஒரு பக்கம், பற்று ஒரு பக்கம். வராக்கடன் எவ்வளவு என்பதையும் மறைக்காமல் எழுத வேண்டும், இல்லாவிட்டால் முதலாளி மூழ்கிப்போவார். பிள்ளை வைத்தியத்தில், நம் பக்கமும் சரி சீனத்துப் பக்கமும் சரி, வரவு மட்டும்தான் நினைவில் நின்றது. பிழைத்த பிள்ளைக்கு மருந்து காரணம், போன பிள்ளைக்குத் தோஷம் காரணம். சியன் யீ 23 பிள்ளைகளைப் பற்றி எழுதிவைத்தது அவர் காலத்துக்குப் பெரிய காரியம். ஆனால் ஒரு ஊரில் பிறந்த அத்தனை பிள்ளைகளையும் எழுதினால்தான், எந்தத் துணியும் எந்த வேரும் யாரைக் கொண்டுபோயிற்று என்று தெரியும். அதைச் சிங்கப்பூர் செய்தது.

ஜி6பிடி குறை தாய் வழியாக மகனுக்கு வரும். என் மகளுக்கு அது எங்கிருந்து வந்தது என்று பார்க்க என்னையும் சோதித்தார்கள். எனக்கும் இருக்கிறது. எனக்கு வந்தது ஆத்தாவிடமிருந்து. ஆஸ்பத்திரியிலிருந்து வந்து இதை ஆத்தாவிடம் விளக்கிச் சொன்னேன். ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் சொன்னார்கள்:

"எனக்கு முன்னாடி எங்காத்தாவுக்கு ரெண்டு ஆம்பளப் பிள்ளைக. ரெண்டும் பத்து நாள் தங்கலை. மஞ்சக் கண்டுதான் போச்சு. வீட்டுல தோஷம்னு சொல்லிப் பரிகாரம் எல்லாம் செஞ்சாக. அதுக்கப்புறந்தான் ஐயா சிங்கப்பூர்ல இருந்து மருந்து வாங்கியாந்தாக. நான் பொம்பளப் பிள்ள, தங்கிட்டேன்."

அந்தப் புட்டி எனக்கு அப்போதுதான் விளங்கியது. மூன்றாவதும் போய்விடக் கூடாது என்று கடல் தாண்டி வாங்கிவந்த மருந்து. 'குழந்தையைக் காப்பது' என்று அதன் மேல் எழுதியிருக்கிறது. அந்த இரண்டு பிள்ளைகளும் இந்தக் குறையால்தான் போனார்கள் என்று அடித்துச் சொல்ல யாராலும் முடியாது. அவர்களுக்குப் பெயர்கூட வைக்கவில்லை. ஆயா தன் கடைசி நாள் வரைக்கும் தன்மேல்தான் தோஷம் என்று நினைத்திருந்தார்களாம்.

பேரன் இப்போது நன்றாக இருக்கிறான். தவழ்ந்து போய் ஊஞ்சல் சங்கிலியைப் பிடித்து இழுக்கிறான். வீட்டில் சில விஷயங்களை மாற்றியிருக்கிறோம், உங்களுக்கும் உதவலாம். பாச்சை உருண்டை எந்தப் பெட்டியிலும் கிடையாது. துணிக்குக் காய்ந்த வேப்பிலைதான். கைக்குழந்தை மூக்கிலோ நெஞ்சிலோ எந்தத் தைலமும் தடவுவதில்லை. கற்பூரமும் மெந்தாலும் சின்னப் பிள்ளைக்கு இசிவையும் மூச்சுத் திணறலையும் கொண்டுவரும். வசம்பை உள்ளுக்குக் கொடுப்பதில்லை. ஒரு வயசுக்குள் தேன் இல்லை. பிறந்த பிள்ளைக்குக் கண்ணில் மஞ்சள் தெரிந்தால் அன்றைக்கே டாக்டர். இந்த நொதிச் சோதனை நம் ஊர்ப்பக்கம் எல்லாப் பிள்ளைக்கும் வழக்கமாகச் செய்வதில்லை, கேட்டால் செய்வார்கள். பேரனுக்கு ஆகாத மருந்துகளை மகள் ஒரு தாளில் எழுதி, அவன் தடுப்பூசி அட்டையோடு வைத்திருக்கிறாள். என் சட்டைப் பையிலும் ஒரு நகல் இருக்கிறது, எனக்கும் அதே பட்டியல்தானே.

போன வெள்ளிக்கிழமை கொற்றவாளீஸ்வரர் கோயிலுக்கு ஆத்தாவைக் கூட்டிப்போனேன். அர்ச்சனைக்கு எல்லோர் பெயரையும் சொல்லி முடித்த பிறகு, "இன்னும் ரெண்டு பேருக்கு, பேரு இல்லை" என்றார்கள். குருக்கள் ஒன்றும் கேட்கவில்லை. இரண்டு பூவைத் தனியாக எடுத்து வைத்தார்.